சிவப்புப் பாசியும் துவாதசிக் கீரையும்

இடது காலுக்கு மெட்டி ஏறவில்லை. மாவுக்கட்டைப் பிரித்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. காவிரிப் படித்துறையில் வழுக்கி விழுந்து, கணுக்கால் எலும்பு முறிந்து, மாதக்கணக்கில் சுண்ணாம்பு அடித்த தூண் மாதிரி கிடந்த கால் அது. கட்டைப் பிரித்ததும் கழற்றி வைத்திருந்த மெட்டியைத்தான் முதலில் தேடினேன். வலது காலில் ஏறியது. இடது காலில் விரல்கள் கொழுக்கட்டையாக உப்பியிருந்தன.

"வாயுடி கோதை. படுத்தே கிடந்தா வாயு சேராம என்ன பண்ணும்?" என்றார் மாமியார். விளக்கெண்ணெயைச் சுடவைத்து, கெண்டைக்காலை அழுத்தி அழுத்தித் தேய்த்துவிட்டார். அன்போடுதான் செய்தார். எனக்கும் இதமாகத்தான் இருந்தது.

இதை வாசிக்கிற யாருக்காவது ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்து, கெண்டைச் சதை வலித்தால், தயவுசெய்து தேய்க்காதீர்கள். வைத்தியரிடம் போங்கள். இதைச் சொல்லத்தான் நான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் எழுத எழுத வந்து ஒட்டிக்கொண்டவை.

எண்ணெய் தேய்த்த மறுநாள் காலை, குனிந்து பூத்தொடுக்க உட்கார்ந்தபோது மார்பின் வலப்பக்கம் கத்தி சொருகியது. மூச்சை இழுத்தால் வலி, விட்டால் வலி. இருமினேன். புடவைத் தலைப்பில் சிவப்பாக ஏதோ பட்டது. என் கணவர் ஓடிப்போய் வாடகைக் கார் பிடித்து வந்தார். காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது அவர் என் கையைப் பிடித்திருந்தார். தெருவில் பத்தடி முன்னால் நடக்கிற மனிதர், கார் டிரைவருக்கு முன்னால் என் கையைப் பிடித்திருக்கிறாரே என்றுதான் எனக்கு முதலில் பயம் வந்தது.

தென்னூர் ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டாக்டரம்மா நடுத்தர வயதுக்காரர். அளந்துதான் பேசுவார். "காலுக்குள்ள ஓடற ரத்தம் உறைஞ்சு கட்டியாயிருக்குங்க. அதுல ஒரு துண்டு பிச்சுக்கிட்டுப் போய் நுரையீரல்ல அடைச்சிருக்கு. துண்டு சின்னது. பெரிசா இருந்தா நீங்க இங்க வந்திருக்க மாட்டீங்க" என்றார்.

ஊசி போட்டார்கள். மருந்தின் பெயர் ஹெப்பாரின் (இரத்தம் மேலும் உறையாமல் தடுப்பது, ஏற்கெனவே உறைந்ததை உடம்பு மெல்லக் கரைத்துக்கொள்ள அவகாசம் வாங்கித் தருவது). நரம்பு வழியாக அது ஏறும்போதெல்லாம் என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு ஊசி குத்துவதைப் பார்க்க மாட்டாமல் நிற்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் காரணத்தைச் சொன்னார். அந்த மருந்தை மாட்டு நுரையீரலிலிருந்து எடுக்கிறார்களாம்.

"அம்மாட்ட சொல்லிடாதே" என்றார்.

"எனக்கு மட்டும் ஏன் சொன்னேள்?" என்று கேட்டேன். உயிர் பிழைத்துவிட்டது, இனி எதை அருவருத்து என்ன? ஆனாலும் அன்று முழுவதும் நாக்கில் ஏதோ ஒட்டியது போலவே இருந்தது.

என் கணவர் திருச்சியில் ஒரு கல்லூரியில் ரசாயனப் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டர். அவருடைய புரொபசருக்குக் கடற்பாசியில் ஈடுபாடு. மண்டபம் கடற்கரையிலிருந்து சிவப்புப் பாசி மூட்டை மூட்டையாக வரும். அதைக் கழுவி, வெளுத்து, கொதிக்கவைத்து, கிருமிகளை வளர்த்துப் பார்ப்பதற்கான கூழ் எடுப்பதுதான் இவர் வேலை. சிவப்புப் பாசிகள் சிலவற்றில் இருக்கிற பசைச் சத்து, ஹெப்பாரினைப் போலவே இரத்தம் உறைவதைத் தடுக்கிறது என்று இவர் எங்கோ படித்திருந்தார். அதுவரை அது வெறும் படிப்பு. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதுவே இவருடைய பிராணனாகிவிட்டது.

"மாட்டை அறுக்க வேண்டாம். கடல்ல முளைக்கற செடி. நம்ம கடல்லயே கிடக்கறது" என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்லுவார். வடித்த பாசிநீரில் சாராயம் விட்டால் வெள்ளை வெள்ளையாக நூல் திரியும். அதை உலர்த்திப் பொடியாக்கி, தன் கையிலிருந்தே இரத்தம் எடுத்துக் குழாயில் விட்டுக் கலந்து பார்ப்பார். பொடி போடாத குழாயில் இரத்தம் உறைந்துவிடும். போட்ட குழாயில் தண்ணீராக ஓடிக்கொண்டிருக்கும். இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாணமாகிப் பல வருஷங்களில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. யாரோ எழுதியதைப் பையன்களுக்குச் செய்து காட்டிக்கொண்டே காலம் தள்ளிய மனிதர். எனக்கு அந்தப் புது முகம் பிடித்திருந்தது. அதுதான் பின்னால் வினையாயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு மாத்திரை. ஃபெனிண்டியோன் (கல்லீரல் உண்டாக்கும் உறைபொருள்களைக் குறைப்பது). அதைச் சாப்பிட ஆரம்பித்ததும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போயிற்று. பதறிக்கொண்டு தென்னூருக்கு ஓடினோம்.

"அது மாத்திரையோட சாயம்ங்க. ரத்தம் இல்ல, பயப்படாதீங்க."

"எது சாயம், எது ரத்தம்னு எனக்கு எப்படி டாக்டர் தெரியும்?"

"சந்தேகமா இருந்தா வந்துடுங்க" என்றார் சிரிக்காமல்.

அதிலிருந்து பயத்தோடுதான் குடித்தனம். மாத்திரை கூடினால் எங்காவது இரத்தம் கசிந்து நிற்காது. குறைந்தால் மறுபடி கட்டி. நடுவே ஒரு வரப்பு மேல் நடக்க வேண்டும். வரப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வது புரோத்ராம்பின் சோதனை (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது). அதற்காகப் பஸ் ஏறித் தென்னூருக்குப் போய்க் கையை நீட்டிக்கொண்டு உட்காருவேன்.

சோதனை ஒரு நிலையில் நிற்கவில்லை. ஒரு சமயம் இரத்தம் மிகவும் இளகியிருக்கும். பல் தேய்த்தால் ஈறு கசியும், வளையல் பட்ட இடம் நீலம் பாரிக்கும். அடுத்த சமயம் மருந்தே சாப்பிடாதவள் இரத்தம் மாதிரி கெட்டிப்பட்டிருக்கும். "மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டபோது எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. பெருமாள் தீர்த்தத்தைக்கூட நான் அத்தனை ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை.

டாக்டரிடம் நாங்கள் சொல்லாத ஒன்று இருந்தது. மறைக்கவில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் மூச்சுக்குத் தவித்தபோது ரங்கநாதனை வேண்டிக்கொண்டிருந்தேன். பிழைத்தால் ஏகாதசி தவறாமல் உபவாசம் இருப்பதாக. பிழைத்தேன், இருந்தேன். தசமியன்று ஒரே வேளை. ஏகாதசியன்று சோறு கிடையாது, உடம்புக்காரி என்பதால் கொஞ்சம் பால். துவாதசி காலையில் விரதத்தை முடிக்கிற பாரணை. எல்லா ஸ்ரீவைஷ்ணவ வீட்டிலும் போல அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். பட்டினி கிடந்தவள் என்று மாமியார் எனக்குக் கீரையை அள்ளி அள்ளிப் போடுவார்.

இதில்தான் என் கணவரின் பாசி வந்து புகுந்தது. ஏகாதசியன்று வெறும் வயிற்றில் பாசியைக் கொடுத்தால் நேராக இரத்தத்தில் சேரும் என்பது அவர் கணக்கு. பாசி மூட்டையைப் பார்த்ததும் மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டார். மூட்டையிலிருந்து ஒரு காய்ந்த குட்டி நண்டு வேறு விழுந்து வைத்தது.

"இது என்னடா கண்றாவி? இதையா ஏகாதசியன்னிக்கு அவளுக்குக் குடுக்கப் போறே?"

"நண்டைக் குடுக்கலைம்மா. இது செடி. தானியமும் இல்லை. விரதத்துக்கு ஒரு குறையும் வராது."

"செடியாம்! கொல்லைப்பக்கமா எடுத்துண்டு வா. வாசல் வழியா வந்தா ஊரெல்லாம் நம்மாத்துல மீன் சமைக்கறான்னு சொல்லும்."

அப்படியாகக் கொல்லை வழியாக வந்தது பாசி. கிணற்றடியில் பல தண்ணீர் பார்த்து, கிளிஞ்சல் பொறுக்கி, காய்ச்சி வடிகட்டி, பாலில் கலந்து வெதுவெதுப்பாகக் கொண்டுவந்து கொடுப்பார். எத்தனை கழுவினாலும் கடல் வாடை போகாது. தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு குடிப்பேன்.

மறுநாள் துவாதசி. பாரணை முடிந்ததும் தென்னூருக்குப் போய்ச் சோதனை. இரத்தம் நன்றாக இளகியிருந்தது. அடுத்த ஏகாதசியும் அப்படியே. இடையில் ஒரு நாள் பார்த்தால் கெட்டி. என் கணவர் குதிக்காத குறை. "பாசி குடிச்ச மறுநாள் இளகறது. நாள் ஆக ஆகப் பழையபடி கெட்டியாயிடறது. வேற என்ன வேணும்?" என்றார். புரொபசரிடம் சொன்னார். அவரும் ஆர்வமாகிவிட்டார் போலிருக்கிறது. மெட்ராஸுக்கு எழுதலாம், பம்பாய் மருந்துக் கம்பெனிக்கு எழுதலாம் என்று வீட்டில் பேச்சு அடிபட ஆரம்பித்தது.

பிறகு வந்த ஓர் ஏகாதசியன்று எனக்கு முடியவில்லை. டம்ளரை வாயருகே கொண்டுபோனாலே குமட்டியது. அவர் உள்ளே போனதும் கொல்லை வாழைக்குக் கொட்டிவிட்டேன். அவ்வளவுதான், வேறு எண்ணம் எதுவும் இல்லை. மறுநாள் சோதனையில் இரத்தம் எப்போதும் போல இளகியிருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது "பாத்தியா?" என்று என் தோளை இடித்தார். நான் ஜன்னலுக்கு வெளியே காவிரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை என்னவோ தப்பிப் போயிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த ஏகாதசியன்று தெரிந்தேதான் கொட்டினேன். அப்போதும் அதே முடிவு.

அவர் பாசி என் உடம்பில் ஒன்றும் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சொன்னால் அந்த முகம் அணைந்துவிடும். சொல்லாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது, மாத்திரைதான் இருக்கிறதே என்று பேசாமல் இருந்தேன்.

ஆனால் அவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். டாக்டரம்மாவிடம் கேட்டுப் பார்த்தார். அவர் "கூடவே கூடாதுங்க" என்றுவிட்டார். இவர் அதோடு விடாமல், "ஒரு பக்ஷம் பாப்போம். தினம் பாசி தரேன், மாத்திரையே வேண்டாம். சோதனை நன்னா வந்தா டாக்டரே ஒத்துண்டுடுவா" என்று சொல்லி, மாத்திரைப் புட்டியைக் கல்லூரிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என்னைக் கொல்வதற்காக அல்ல. தன் பாசியை அவ்வளவு நம்பினார்.

இரண்டு மூன்று நாள் போயிற்று. பாசியைக் குடித்துப் பார்த்தேன், ஒருவேளை இந்தத் தடவை கேட்குமோ என்று. அடுத்த காலை எழுந்து காலைக் கீழே வைத்தபோது கெண்டைச் சதை கல்லாக இருந்தது. தொட்டேன். சுட்டது. இந்தச் சூடு எனக்குத் தெரியும். மார்பில் கத்தி எந்த நிமிஷம் இறங்கும் என்று காத்திருக்கிறவளைப் போல மூச்சை மெல்ல மெல்ல விட்டேன். சாக எனக்கு இஷ்டமில்லை. அவர் முகம் அணைவதைப் பார்க்கவும் இஷ்டமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன்.

அவர் கிணற்றடியில் பாசி கழுவிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொல்லணும். கோச்சுக்கப்படாது."

"சொல்லேன்."

"போன ரெண்டு ஏகாதசியும் நான் பாசியைக் குடிக்கலை."

கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டே, "குடிக்கலைன்னா?" என்றார்.

"வாழைக்குக் கொட்டிட்டேன்."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும். நான் குடிச்சாலும் இளகித்து, வாழை குடிச்சாலும் இளகித்து. பாசியால இல்லை. வேற ஏதோ."

அவர் நிமிர்ந்து வாழையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் நினைத்தபடியே அந்த முகம் அணைந்தது. என் கண்ணெதிரே அணைந்தது.

"ஏன்னா, கால் சுடறது" என்றேன்.

பாசியைப் போட்டுவிட்டு வந்து, ஈரக் கையால் என் கெண்டைக்காலைத் தொட்டார். தொட்ட கையை வெடுக்கென்று எடுத்தார். "நடக்காதே. ஒரு அடி வைக்காதே" என்று என்னைத் துவைக்கிற கல்லில் உட்கார்த்திவிட்டு வண்டிக்கு ஓடினார். சிதறிக் கிடந்த பாசியைக் காக்கை வந்து கொத்திப் பார்த்துவிட்டுப் போயிற்று.

மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி ஹெப்பாரின். இந்தத் தடவை அவர் சுவரைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஊசியும் ஏறி முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் டாக்டரம்மாவிடம் சொன்னோம். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "குழாய்ல நடக்கறது வேற, உடம்புல நடக்கறது வேற சார்" என்று மட்டும் சொன்னார். "ஹெப்பாரினையே வாயால குடிச்சா ஒண்ணும் ஆகாது. வயித்தைத் தாண்டி ரத்தத்துக்குப் போகாது. அதனாலதான் ஊசியாப் போடறோம்."

"தெரியும் டாக்டர்" என்றார் இவர்.

"தெரிஞ்சுமா?"

"இது வேறயா இருக்கும்னு..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. தெரிந்த ஒன்றைத் தெரியாத மாதிரி ஆக்கிக்கொள்ள ஆசைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? பாவமாக இருந்தது எனக்கு.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "ஏகாதசின்னா அன்னைக்கு என்ன சாப்பிடுவீங்க?" சொன்னேன். "மறுநாள்?" அகத்திக்கீரையைச் சொன்னேன். "எவ்வளவு?" நான் இரண்டு கையையும் குவித்துக் காட்டினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் விளக்கியது இதுதான். பச்சைக் கீரைகளில் கே என்ற வைட்டமின் உண்டு (இரத்தம் உறைவதற்கு உடம்பு பயன்படுத்தும் சத்து). நான் சாப்பிட்ட மாத்திரை அந்தச் சத்தை எதிர்த்துத்தான் வேலை செய்கிறது. பட்டினி கிடந்தால் சத்து வருவதில்லை, மாத்திரையின் கை ஓங்கிவிடும், இரத்தம் இளகிவிடும். துவாதசியன்று கீரையை அள்ளிப் போட்டுக்கொண்டால் ஓரிரு நாளில் மாத்திரை தோற்றுவிடும், கெட்டிப்பட்டுவிடும். பாசி குடித்த மறுநாள் இளகியதும் அதனால்தான், பிறகு கெட்டிப்பட்டதும் அதனால்தான். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தது பாசியையோ மாத்திரையையோ அல்ல, பஞ்சாங்கத்தை.

"கீரை சாப்பிட்டா தினமும் ஒரே அளவு சாப்பிடுங்க. இல்லன்னா விட்டுடுங்க. பட்டினி மட்டும் வேண்டவே வேண்டாம்" என்றார்.

வேண்டுதலை எப்படி விடுவது? உயிரைக் கொடுத்தவருக்குச் சொன்ன வார்த்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மாமியாரிடம் அழுதேன். அவர் கணவரை இழந்த நாள் முதல் ஏகாதசியன்று பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்காதவர். என்ன சொல்வாரோ என்று நடுங்கிக்கொண்டிருந்தேன்.

"அதுக்கென்ன இப்போ? நான்தான் இருக்கேனே. உன்னோடதையும் சேத்து இருந்துட்டாப் போச்சு" என்றார். "எப்படியும் அன்னிக்கு அடுப்பு மூட்டப் போறதில்லை. பெருமாள்ட்ட நான் சொல்லிக்கறேன்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கி, "கீரையை நான்தானே அள்ளி அள்ளிப் போட்டேன்" என்றார். எண்ணெயைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அதற்குப் பிறகு சோதனை நிலைக்கு வந்தது. வெகு நாள் கழித்து மாத்திரையையும் மெல்ல மெல்ல நிறுத்தினார்கள். இடது கால் மட்டும் பழையபடி ஆகவில்லை. மாலையானால் கனக்கும், தோல் கறுத்துவிட்டது, மெட்டி இன்னும் ஏறவில்லை. இரத்தத்தை ஏதோ குடத்துத் தண்ணீர் மாதிரி எனக்குள் சும்மா இருப்பதாக ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். இப்போது அது சதா எதையோ தீர்மானித்துக்கொண்டிருப்பது தெரிகிறது. ஓடலாமா, நிற்கலாமா என்று. தேதியை விடத் திதிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. சாப்பிடுகிற ஏகாதசியன்றும் உடம்பு ஒரு கணம் தயங்கித்தான் கவளத்தை வாங்குகிறது.

என் கணவர் பாசியை வீட்டுக்குக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். கல்லூரியில் கூழ் எடுக்கும் வேலை மட்டும் நடந்தது. பேச்சே எடுக்க மாட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாத்திரை நின்று சில மாதங்கள் ஆனபின் ஒரு நாள் நானே கேட்டேன்.

"உங்க பாசி குழாய்ல பண்றதை எனக்கு ஒரு தடவை காட்டுங்கோ. என் ரத்தத்துலயே."

விடுமுறை நாளாகப் பார்த்து அழைத்துப் போனார். மாடிப்படியை ஒவ்வொன்றாக ஏறினேன். ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லை. என் கையிலிருந்து அவரே இரத்தம் எடுத்தார். இரண்டு கண்ணாடிக் குழாய்களில் பிரித்துவிட்டார். ஒன்றில் பாசிப்பொடி கரைத்த நீர். மற்றதில் ஒன்றும் இல்லை. உடம்புச் சூடு வேண்டும் என்று இரண்டையும் இரண்டு உள்ளங்கையிலும் பொத்திக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார். அவ்வப்போது சாய்த்துப் பார்த்தார். இரண்டிலும் இரத்தம் ஓடியது.

நான் பாசிக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். ஓடியது. நன்றாக ஓடியது. குழாய்க்குள் அவர் சொன்னது அத்தனையும் நிஜம். "ஏன்னா, ஓடறது பாருங்கோ!" என்றேன்.

அவர் மற்ற குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கலக்காத, வெறும் என் இரத்தத்தை. சாய்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. மெல்ல அது தடித்தது, ஓரத்தில் ஒட்டியது, பிறகு குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தும் அசையாமல் நின்றது. மருந்து எதுவும் மிச்சமில்லாத, கசிவோ அடைப்போ இல்லாத, சாதாரண மனுஷியின் இரத்தம் மாதிரி.

"உறைஞ்சுடுத்து கோதை" என்றார். "சரியான நேரத்துல உறைஞ்சுடுத்து."

இன்னொரு கையில் பாசிக் குழாய் அப்படியே இருந்தது. அதைச் சாய்த்துப் பார்க்கவே அவர் மறந்துபோனார்.